ரிப்போர்ட்ல எச் போட்டுட்டா ஈரல் போச்சுன்னு அர்த்தமில்ல

எங்க லேப் மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவுல ரோட்டு மேலயே இருக்கு, அதனால ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆள் வரும். கடலுக்குப் போறவக, கீழக்கரை பெரியபட்டினம் பக்கத்துல இருந்து வெளிநாட்டுக்கு சம்பாதிக்கப் போற சபுராளிக, நூறு நாள் வேலைக்குப் போற அக்காமாருக, எல்லாரும் ரத்தம் குடுக்கும்போது கேக்குறது ஒரே கேள்விதான், "தங்கச்சி, ஈரல் நல்லாருக்கா இல்லையான்னு இதுல தெரிஞ்சிரும்ல?" அதுக்கு ஒத்த வார்த்தைல பதில் சொல்ல முடியாது, பின்னாடி வேற பத்து பேரு நிப்பாக, அதான் இங்க உக்காந்து எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, லேப் டெக்னீசியன். ஆனா ரிப்போர்ட்ட கைல வாங்குன ஒடனே எச்னு, அதாவது ஹை, அளவுக்கு மேலன்னு போட்ட எடத்தப் பாத்து மூஞ்சி மாறுறத டாக்டர விட அதிகமா பாக்குறது நாங்கதான்.

மொதல்ல உங்க ரத்தத்த நாங்க என்ன பண்றோம்னு சொல்லிர்றேன். மஞ்ச மூடி டியூப்ல எடுத்து, கொஞ்ச நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு சுத்துனா செவப்பணு எல்லாம் அடில போயிரும், நடுவுல ஜெல் நிக்கும், மேல தெளிஞ்சு நிக்கிறதுதான் சீரம். டெஸ்ட் எல்லாம் அதுலதான். நல்லா இருக்கவக சீரம் லேசான மஞ்சளா இருக்கும். காமாலை இருந்தா அடர் மஞ்ச, சில பேருக்கு ஆரஞ்சு அடிக்கும், மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடியே எங்களுக்கு தெரிஞ்சிரும், ஆனா வெளிய நிக்கிற ஆளுகிட்ட மூஞ்சில காட்டிக்கக் கூடாது. வெள்ளையா கலங்கி நின்னா கொழுப்பு. ரோஸ் கலர்ல இருந்தா ரத்தம் எடுக்கும்போதோ கொண்டு வரும்போதோ செவப்பணு ஒடைஞ்சிருச்சுன்னு அர்த்தம், அந்த சாம்பிள்ல ஈரலுக்குப் பாக்குற எஸ்ஜிஓடிங்கிற என்சைம பாத்தா பொய்யா ஏறிக் காட்டும், ஏன்னா செவப்பணுக்குள்ளயும் எஸ்ஜிஓடி இருக்கு. அதனாலதான் திரும்ப வாங்கன்னு போன் போடுறோம், "எத்தன வாட்டித்தான் குத்துவீக"ன்னு திட்டும் வாங்குறோம். இன்னொன்னு, காமாலைல ஏறுற மஞ்சப் பொருளான பிலிரூபின் வெளிச்சம் பட்டா சிதைஞ்சு கொறையும். தங்கச்சிமடத்துல எடுத்த டியூப்ப வெயில்ல பைக் முன்னாடி தொங்கவிட்டு கொண்டு வந்தா காமாலை கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி ரிப்போர்ட் வரும், அதுல சந்தோசப்பட ஒண்ணுமில்ல.

எல்எஃப்டின்னு ஈரல் டெஸ்ட் பேப்பர்ல பத்து வரி இருக்கும்ல, அதுல மூணு கூட்டம் இருக்கு, அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிரும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் ஈரல் செல்லுக்குள்ள இருக்க வேண்டிய என்சைம், செல் அடிபட்டா ரத்தத்துல கசியும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜிஜிடி ரெண்டும் பித்தக் குழாய் பக்கத்து ஆளுக, குழாய்ல அடைப்பு வந்தா ஏறும். ஆல்புமினும் ரத்தம் உறையுற நேரம் பாக்குற பிடி ஐஎன்ஆரும்தான் ஈரல் உண்மையிலயே வேலை செய்யுதான்னு காட்டும், ஏன்னா அந்த புரோட்டீன்கள தயாரிக்கிறதே ஈரல்தான். இதுல கூத்து என்னன்னா ஐஎன்ஆர் சாதாரண எல்எஃப்டி பேப்பர்ல இருக்கவே இருக்காது, நீல மூடி டியூப்ல தனியா எடுக்கணும், டாக்டர் தனியா எழுதணும். ஆக எல்லாரும் பாத்து பயப்படுற எஸ்ஜிபிடி எவ்வளவு அடிபட்டிருக்குன்னு சொல்லும், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லாது.

இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் ஏமாறுறாக. ஒருத்தருக்கு வைரஸ் காமாலைல எஸ்ஜிபிடி 1500 இருக்கும், மூணு நாலு வாரத்துல எறங்கி பழையபடி கடலுக்குப் போயிருவாரு. இன்னொருத்தருக்கு 34, நார்மல்னு போட்டிருக்கும், ஆனா வருசக்கணக்கா குடிச்சு ஈரல் சுருங்கி வயித்துல தண்ணி கோத்திருக்கும், கசியுறதுக்கு அங்க செல்லே மிச்சம் இல்ல. அதே மாதிரி கடுமையான காமாலைல எஸ்ஜிபிடி சட்டுனு எறங்கும்போது பிலிரூபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கிட்டே இருந்தா அது நல்ல செய்தியே இல்ல, அப்ப ஒரு மணி நேரம்கூட ஊர்ல வச்சுக்கக் கூடாது. ஆல்புமின் நிதானமா எறங்குற ஆளு, அது ரத்தத்துல பாதியா கொறையவே 20 நாள் பக்கம் ஆகும், அதனால போன வாரம் வந்த நோவுக்கு அதுல ஒண்ணும் தெரியாது, ரொம்ப நாள் கதைக்குத்தான் அது சாட்சி.

எஸ்ஜிஓடிய பத்தி இன்னொரு விசயம். 1954ல அமெரிக்காவுல இந்த என்சைம ரத்தத்துல மொதல்ல கவனிச்சது மாரடைப்பு வந்தவங்ககிட்ட, ஏன்னா அது இருதயத்துலயும் இருக்கு, கை கால் தசைலயும் இருக்கு. ராத்திரி முழுக்க வலை இழுத்துட்டு விடியக்காலம் கரைக்கு வந்து நேரா லேப்புக்கு வர்ற அண்ணனுக்கு எஸ்ஜிஓடி 70ன்னு வந்தா நான் மொதல்ல ஈரல சந்தேகப்பட மாட்டேன். எஸ்ஜிபிடி, ஜிஜிடி ஒழுங்கா இருக்கான்னு பாப்பேன், டாக்டர் சிபிகேன்னு தசைக்கு ஒரு டெஸ்ட் எழுதுவாரு, அது ஏறியிருந்தா சமாச்சாரம் முடிஞ்சுது. ஜிம்முக்குப் போற பயலுகளுக்கும் இதே கததான், ஆனா அவனுக பவுடரையும் சேத்து சாப்பிடுறானுக, அது வேற கத.

ஜிஜிடின்னா குடிக்கிறவக ஈசியா மாட்டிக்கிற டெஸ்ட். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடிய விட ரெண்டு மடங்கு இருந்து, ஜிஜிடியும் ஏறி, சிபிசிங்கிற ரத்த அணு டெஸ்ட்ல செவப்பணு சைஸ காட்டுற எம்சிவியும் பெருசா இருந்தா, "எப்பயாச்சும் விசேசத்துக்கு மட்டும்"னு சொல்றத டாக்டர் நம்ப மாட்டாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருக்குல்ல, வேலை இல்லாம கரைல உக்காந்திருக்க அந்த நேரத்துல குடி சில பேருக்கு கூடிருது, அந்த அண்ணிமாருக ரிப்போர்ட் வாங்க வரும்போது நம்பர பத்தி கேக்குறதே இல்ல, "குடிய விடச் சொல்லி அதுல எழுதித் தாங்களேன்"னுதான் கேப்பாக.

இப்ப குடிக்காதவகளுக்கும் ஸ்கேன்ல பேட்டி லிவர், அதாவது ஈரல்ல கொழுப்புன்னு எழுதி வருது, சுகர் உள்ள வீட்டுல பாதி பேருக்கு இருக்கும்போல. எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியிருக்கும், பல பேருக்கு ஏறியே இருக்காது. இதுக்கு டாக்டருங்க ஃபிப் ஃபோர்னு ஒரு கணக்கு போடுவாங்க, காசு செலவே இல்ல, இருக்க நம்பர வச்சே போடலாம். வயச எஸ்ஜிஓடியால பெருக்கணும், அத பிளேட்லெட்டுங்கிற தட்டணு எண்ணிக்கையும் எஸ்ஜிபிடியோட வர்க்கமூலமும் பெருக்கி வர்றதால வகுக்கணும். 50 வயசு, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் ரெண்டு லட்சம்னா, அத ஆயிரக் கணக்குல 200ன்னு போட்டா விடை 1.5. அதே ஆளுக்கு பிளேட்லெட் மட்டும் ஒரு லட்சமா எறங்கியிருந்தா விடை 3. 1.3க்கு கீழ இருந்தா தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, 2.67க்கு மேல போனா ஈரல் டாக்டர பாக்கணும், நடுவுல நின்னா ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க, 65 வயசத் தாண்டுனவகளுக்கு கீழ் எல்லை 2ன்னு வச்சுக்குவாங்க. பாத்தீகளா, என்சைம் ரெண்டும் அப்படியே இருக்கு, தட்டணு எறங்குனதுதான் கதைய மாத்துது. ஈரல்ல தழும்பு விழுந்தா மண்ணீரல் வீங்கி தட்டணுவ பிடிச்சு வச்சுக்கும், அதனால. எல்எஃப்டி மட்டும் எடுத்துட்டு சிபிசி வேணாம் காசு மிச்சம்ங்கிறவககிட்ட இதத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

இனி காமாலை. பிலிரூபின் பழைய செவப்பணு ஒடையும்போது வர்ற கழிவு. ஈரலுக்குப் போறதுக்கு முன்னாடி இன்டைரக்ட், ஈரல் அத தண்ணில கரையுற மாதிரி மாத்திட்டா டைரக்ட். மொத்தம் 1.2 வரைக்கும் இருக்கலாம், 2.5, 3ஐ தாண்டுனாத்தான் கண்ணுல மஞ்ச தெரியும். டைரக்ட் தண்ணில கரையுறதால அது ஏறுனா ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போகும், குழாய் அடைச்சு பித்தம் குடலுக்கே போகலைன்னா மலம் வெளுத்து களிமண் நெறத்துல போகும், ஒடம்பெல்லாம் அரிக்கும். இன்டைரக்ட் மட்டும் ஏறுனா ஒண்ணுக்கு கலரே மாறாது. அதனால நான் காமாலைன்னு வர்றவககிட்ட ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு கலர், மலத்தோட கலர் ரெண்டையும் கேட்டு சீட்டுல எழுதி வச்சிருவேன், சில பொம்பளைக வெக்கப்படுவாக, இருந்தாலும் கேப்பேன்.

நோன்பு மாசத்துல ஒரு வேடிக்கை நடக்கும். இருவது வயசு பையன் கண்ணு லேசா மஞ்சளா இருக்குன்னு உம்மா கூட்டிட்டு வருவாக. பிலிரூபின் 2.1, டைரக்ட் 0.3, எஸ்ஜிபிடி நார்மல், ஹீமோகுளோபின் நார்மல், ஒண்ணுக்கும் தெளிவா போகுது. இது பெரும்பாலும் கில்பர்ட்டுங்கிற ஒடம்பு வாகு, பொறவிலயே வர்றது, பட்டினி கெடந்தா, காய்ச்சல் வந்தா, தூக்கம் கெட்டா கொஞ்சம் ஏறும், அப்புறம் தானா எறங்கும், ஈரலுக்கு ஒண்ணும் பண்ணாது. டாக்டர் பாத்து செவப்பணு ஒடையுற நோய் எதுவும் இல்லைன்னு சொல்லிட்டா அதோட விட்றலாம். ஆனா அதுக்குள்ள அந்தப் பையனுக்கு உப்பில்லாம எண்ணெயில்லாம மீன காட்டாம பத்தியச் சோறு போட்டு எலும்பாக்கிருப்பாக.

கீழாநெல்லிய பத்தி சொல்லலைன்னா கமெண்ட்ல வந்து நிப்பீக. நான் அத மட்டமா பேசல, எங்க அப்பத்தாவும் அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்த ஆளுதான். 1988ல சென்னை ஆராய்ச்சியாளருங்க, ஹெபடைட்டிஸ் பி வைரச கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்குன பிளம்பர்க்கோட சேந்து, கீழாநெல்லி குடுத்தா பி வைரஸ் போகுதுன்னு லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல கட்டுரையே போட்டாங்க, பெரிய பேச்சா இருந்துச்சு, ஆனா பின்னாடி வேற எடங்கள்ல செஞ்சு பாத்தப்ப அதே மாதிரி ரிசல்ட் வரல. தண்ணில பரவுற ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ரெண்டும் பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாகுறது, பேரு கீழாநெல்லிக்குப் போகுது, போயிட்டுப் போகட்டும். எனக்கு இருக்க கோவம் எல்லாம் எந்த காமாலைன்னு பாக்காம அரைச்சுக் குடுத்துட்டு ஒரு மாசம் ஒக்கார வைக்கிறதுலதான். மாசமா இருக்க பொண்ணுக்கு கடைசி மூணு மாசத்துல ஈ வைரஸ் வந்தா உயிருக்கே ஆபத்து, நம்ம ஊர்ல குடம் காசு குடுத்து வாங்குற தண்ணி எந்த எடத்துல புடிச்சதுன்னு யாருக்கும் தெரியாது, காய்ச்சிக் குடிங்க தயவு செஞ்சு. அப்புறம் லேகியம், சூரணம், டிபி மாத்திரை, மூட்டு வலி மாத்திரை, எது சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட கவரோட காட்டுங்க, டிபி மாத்திரைல எஸ்ஜிபிடி ஏறுறத நாங்க அடிக்கடி பாக்குறோம், அப்ப மாத்திரைய நிறுத்தணுமா மாத்தணுமான்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது.

பித்தப்பைக்கு வர்றேன், ரொம்ப பேரு ஏமாறுறது இங்கதான். பித்தப்பைல கல்லு இருந்தா ரத்தத்துல தெரியுமான்னு கேட்டா, பெரும்பாலும் தெரியாது. ஏன்னா ஈரல்ல இருந்து குடலுக்குப் போற மெயின் குழாய் ஒண்ணு, அதுல பக்கவாட்டுல தொங்குற பைதான் பித்தப்பை. கல்லு பைக்குள்ளயே கெடந்தா மெயின் லைன் தடையில்லாம ஓடும், எல்எஃப்டி நூத்துக்கு நூறு நார்மலா வரும்.

எங்க மாமா, பாம்பன்ல விசைப்படகு வச்சிருக்காரு. கல்யாண வீட்டுல பிரியாணி சாப்பிட்டு வந்தா ராத்திரி நெஞ்சுக்குழில வலி ஆரம்பிச்சு வலது பக்கம் போயி தோள்பட்டைக்குப் பின்னாடி ஏறும், ரெண்டு மணி நேரம் துடிச்சிட்டு தானா போயிரும். ஈசிஜி நார்மல். ஒரு எடத்துல கேஸ்னு சொல்லி மாத்திரை குடுத்தாக. நான்தான் எல்எஃப்டி போட்டேன், அதுவும் நார்மல். "ஒன் லேப்புலயே ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுல்லத்தா"ன்னு அவருக்கு அதுல ஒரே நிம்மதி. சாப்பாட்டோட வலி வர்றதாலயும் தோள்பட்டைக்கு ஏறுறதாலயும் ஸ்கேன் பாத்தே ஆகணும்னு நான் புடிச்சு இழுத்துட்டுப் போனேன், வெறும் வயித்துல, ஆறு எட்டு மணி நேரம் சாப்பிடாம இருந்தாத்தான் பை நெறைஞ்சு நின்னு கல்லு தெளிவா தெரியும், டீ குடிச்சிட்டுப் போனா பை சுருங்கிரும். பாத்தா பைக்குள்ள குட்டிக் குட்டியா நெறைய கல்லு. ஆபரேசன்னு சொன்ன ஒடனே மாமா தடைக்காலம் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்னுட்டாரு.

தடைக்காலம் வரல, கல்லு வந்துருச்சு. ஒரு நா காலைல குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், வலி, சாயங்காலம் கண்ணு மஞ்ச. இந்த மூணும் ஒண்ணா வந்தா பித்தக் குழாய்ல அடைப்போட சீழ் புடிக்குதுன்னு அர்த்தம், அது எமர்ஜென்சி. நானே ரத்தம் எடுத்தேன், சுத்தி எடுத்து டியூப்ப வெளிச்சத்துல பாத்தப்பவே மத்ததெல்லாம் விளங்கிருச்சு. பிலிரூபின் 5.2, அதுல டைரக்ட் 4.1. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 380, ஜிஜிடி அதுக்கும் மேல, எஸ்ஜிபிடி 310, வெள்ளையணு 18,000. கணையத்துக்குப் பாக்குற லைபேஸ் நார்மல விட மூணு மடங்கத் தாண்டல, அதாவது கணையம் தப்பிச்சிருக்கு, ஒரு கல்லு அந்தப் பக்கம் அடைச்சிருந்தா அதுவும் வீங்கியிருக்கும். மதுரைக்கு கொண்டு போயி ஈஆர்சிபின்னு வாய் வழியா டியூப் விட்டு குழாய்ல இருந்த கல்ல எடுத்தாக, ரெண்டாவது நாளே பிலிரூபின் எறங்க ஆரம்பிச்சுது, அப்புறம் அதே அட்மிசன்ல சின்னத் துளை போட்டு பையையும் எடுத்தாச்சு. பை இல்லாம எப்படி சாப்பிடுறதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பித்தத்த ஈரல்தான் சுரக்குது, பை சேத்து வைக்கிற எடம் மட்டும்தான். இப்ப ஊளிமீன் கொழம்பெல்லாம் நல்லா இழுக்குறாரு.

கல்லு இருந்தும் வலியே இல்லைன்னா பெரும்பாலும் சும்மா விட்டு வைக்கத்தான் சொல்லுவாங்க, அதையும் சொல்லிர்றேன், இந்தப் போஸ்ட்ட படிச்சிட்டு எல்லாரும் ஆபரேசனுக்கு ஓட வேணாம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் தனியா ஏறியிருந்தாலும் ஓடாதீக, வளர்ற புள்ளைகளுக்கு எலும்புல இருந்தும், நெறமாசப் பொண்ணுகளுக்கு நஞ்சுக்கொடில இருந்தும் அது வரும், அப்ப ஜிஜிடி நார்மலா இருக்கும், அத வச்சு கண்டுபிடிச்சிரலாம். ஆனா நெறமாசத்துல உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பு இருந்தா அது வேற, டாக்டர்கிட்ட சொல்லணும்.

கடைசியா சபுராளி வீட்டுக் கத. வளைகுடா மெடிக்கல்ல ஹெபடைட்டிஸ் பி பாப்பாங்க, பாசிட்டிவ்னா அன்ஃபிட்னு வந்துரும், அதனால போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு தடவ பாத்துக்க வருவாக. ஒரு தம்பிக்கு பாசிட்டிவ், எஸ்ஜிபிடி 28. "ஈரல் நார்மல்னுதான போட்டுருக்கு லாத்தா, அப்ப அந்த டெஸ்ட் தப்பாத்தான இருக்கும்?"னு கேட்டாரு. தப்பில்ல. வைரஸ் வருசக்கணக்கா சத்தமில்லாம உள்ள கெடக்கும், என்சைம் ஏறாமலே. ஆறு மாசத்துக்கு மேல நின்னா நாள்பட்டதுன்னு வச்சுக்குவாங்க, அப்ப வைரஸ் எவ்வளவு இருக்குன்னு டிஎன்ஏ டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பாத்துத்தான் மாத்திரை வேணுமா வேணாமான்னு முடிவெடுப்பாங்க, 2018ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டத்துல டெஸ்டும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரில இலவசமாவே இருக்கு. அவர் பயந்தது விசாவுக்கு, அவுக உம்மா பயந்தது ஒரே சஹன்ல, அதான் பெரிய தட்டுல, ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டவகளுக்கெல்லாம் ஒட்டிக்குமோன்னு. சஹன்ல ஒட்டாது, தட்டு கிளாஸ்ல ஒட்டாது, ரத்தம், ஒடலுறவு, பிரசவத்துல தாய்கிட்ட இருந்து புள்ளைக்கு, ஷேவிங் பிளேடு, இப்படித்தான் போகும். அதனால வீட்டுல இருக்கவகளுக்கு டெஸ்ட் எடுத்து, நெகட்டிவா இருக்கவக 0, 1, 6 மாசக் கணக்குல மூணு ஊசி போட்டுக்கிட்டா போதும்னு டாக்டர் சொல்லி அனுப்புனாரு. உம்மா, பொண்டாட்டி, தங்கச்சி எல்லாம் ஆட்டோல ஒண்ணா வந்து வரிசையா கைய நீட்டுனாக. மச்சான்காரர் மட்டும் வாசல் வரைக்கும் வந்து ஊசியப் பாத்துட்டு வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு வர்றேன்னு போனாரு, அதுக்கப்புறம் எத்தனையோ ஜும்மா முடிஞ்சிருச்சு, ஆளக் காணோம்.